ஆனைக்குட்டம் பட்டாசு நோட்டு முதல் உங்கள் ஆபீஸ் ஆப் வரை... எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் எட்கர் காட் யார்?

ஆனைக்குட்டம். அர்ஜுனா நதியின் குறுக்கே ஒரு நீர்த்தேக்கம், சுற்றிலும் வெயில் காயும் நிலம், அதற்குள் தள்ளித் தள்ளி நிற்கும் பட்டாசு ஷெட்டுகள். சிவகாசி, விருதுநகர் பக்கம் பஸ்ஸில் போய் வந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான்.

இந்த ஊர்ப் பக்கம் ஒரு சின்ன பட்டாசு ஆலை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். ஓனரிடம் ஐந்து நோட்டு இருக்கிறது. ஒன்றில் ஏஜென்ட் வாரியாக ஆர்டர். இன்னொன்றில் ரகம் வாரியாக ஸ்டாக். மூன்றாவது, மருந்துச் சாமான் வாங்கிய கணக்கு. நான்காவது, லாரியில் எது எங்கே போனது என்ற கணக்கு. ஐந்தாவது போர்மேன் கையில் இருக்கிறது. எந்த அறையில் யார் வேலை பார்க்கிறார்கள் என்ற பதிவு அது.

வருஷக்கணக்காக எல்லாம் சரியாகத்தான் போகிறது. அப்புறம் 2018 அக்டோபர் 23 வருகிறது. சரவெடிக்கும் பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதிக்கிறது. இப்போது ஓனருக்கு ஒரே கேள்வி: நம்ம ரகங்களில் பேரியம் போட்டது எது எது, அந்தச் சரக்கு எந்தெந்த ஏஜென்ட்டிடம் போயிருக்கிறது?

கேள்வி ஒரு வரிதான். பதில் நாலு நோட்டில் சிதறிக் கிடக்கிறது. ஏன்னா, நோட்டுப் போட்ட காலத்தில் இப்படி ஒரு கேள்வி வரும் என்று யாருமே நினைக்கவில்லை.

நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் தீர்ந்துவிடுமா? தீராது. ஐந்து நோட்டு ஐந்து எக்செல் ஷீட்டாக மாறும். குழப்பம் அதே குழப்பம், கொஞ்சம் வேகமாக வரும், அவ்வளவுதான்.

நாளைக்கு வரப்போகிற, இன்றைக்கு யாருக்குமே தெரியாத ஒரு கேள்விக்கு இன்றே தயாராக இருப்பது எப்படி? இதற்கு 1970-ல் வெறும் 11 பக்கத்தில் பதில் எழுதியவர் எட்கர் ஃபிராங்க் காட். நண்பர்களுக்கு டெட். இன்றைக்கு நீங்கள் ஆபீஸில் தொடும் பில்லிங், பேரோல், ஸ்டாக், புக்கிங் ஆப்களில் பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது அவர் போட்ட அஸ்திவாரம்தான். ஆனால் அந்த 11 பக்கத்தை அதிகம் எதிர்த்தது யார் தெரியுமா? அவருக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனி.

ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி

எட்கர் பிறந்தது 1923 ஆகஸ்ட் 19. இங்கிலாந்தின் தெற்குக் கரையில், கட்டடக் கல்லுக்குப் பேர்போன போர்ட்லாண்ட் தீவில். அப்பா தோல் பொருள் உற்பத்தியாளர், அம்மா ஸ்கூல் டீச்சர். ஏழு பிள்ளைகளில் இவர்தான் கடைசி.

படிப்பில் கெட்டிக்காரர். ஸ்காலர்ஷிப்போடு ஆக்ஸ்ஃபோர்டு போனார். முதலில் வேதியியல். நடுவில் இரண்டாம் உலகப் போர் வந்தது. மாணவராக இருந்ததால் சேராமல் தள்ளிப்போட்டிருக்கலாம். ஆனால் 1942-ல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து விமானி ஆனார். போர் முடிந்து திரும்பியவர், வேதியியலை விட்டுவிட்டுக் கணிதத்துக்கு மாறி 1948-ல் பட்டம் வாங்கினார். விமானம் ஓட்டும் ஆசை மட்டும் கடைசி வரை விடவில்லை.

அதே வருஷம் அமெரிக்கா. நியூயார்க்கில் கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? மேசிஸ் என்ற பெரிய ஜவுளிக் கடையில், ஆண்கள் உடைப் பிரிவில் சேல்ஸ்மேன். நம்ம ஊரில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டுக் கொஞ்ச நாள் ஜவுளிக்கடையில் நின்றவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம். அப்புறம் டென்னசி பல்கலைக்கழகத்தில் சில மாதம் கணித ஆசிரியர். 1949-ல் ஐ.பி.எம். கம்பெனியில் புரோகிராமர்.

அப்போது கம்ப்யூட்டர் என்றால் ஓர் அறை நிறைய வால்வும் ரிலேயும். புரோகிராமர் என்ற வேலையே உலகத்துக்குப் புதுசு.

அரசியல் பிடிக்காமல் நாட்டை விட்டவர்

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மெக்கார்த்தி காலம். கம்யூனிஸ்ட் என்று யாரை வேண்டுமானாலும் சந்தேகப்பட்டு விசாரிக்கலாம், வேலையை விட்டுத் தூக்கலாம் என்ற நிலை. எட்கருக்கு அது பொறுக்கவில்லை. 1953-ல் நல்ல வேலையை விட்டுவிட்டு கனடாவின் ஒட்டாவாவுக்குப் போய்விட்டார்.

சரி என்று தோன்றாத இடத்தில் தலையாட்டிக்கொண்டு உட்கார மாட்டார். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்தக் குணம்தான் காரணம், கெட்டதுக்கும் சேர்த்து.

நாலு வருஷம் கழித்துப் பழைய ஐ.பி.எம். மேலாளரைத் தற்செயலாகச் சந்தித்தார். 1957-ல் மறுபடியும் அமெரிக்கா, மறுபடியும் ஐ.பி.எம். அங்கே ஒரே கம்ப்யூட்டரில் பல புரோகிராம்களைச் சேர்த்து ஓடவைக்கும் வேலையில் இருந்தார். அப்புறம் கம்பெனி உதவியோடு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பு. 1965-ல் டாக்டர் பட்டம் வாங்கும்போது வயது 42. உடன் படித்தவர்கள் பலர் அவரைவிட ரொம்பச் சின்னவர்கள்.

அவருடைய ஆய்வு, தன்னைத் தானே நகலெடுத்துக்கொள்ளும் கணித அமைப்பைப் பற்றியது. மேதை ஜான் வான் நியூமன் இதற்கு ஒரு மாதிரி வடிவம் கொடுத்திருந்தார். அதில் ஒவ்வொரு கட்டமும் 29 நிலைகளில் ஏதாவது ஒன்றில் இருக்கும். எட்கர் அதை 8 நிலையில் முடித்துக் காட்டினார். தேவையில்லாததை எல்லாம் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் என்ன மிஞ்சும் என்று பார்ப்பதுதான் அவர் பழக்கம். இதே பழக்கத்தைத்தான் அடுத்து பிசினஸ் டேட்டா மேல் காட்டினார்.

அப்போது டேட்டா எப்படி இருந்தது?

1960-களின் இறுதியில் எட்கர் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தார். அப்போது ஐ.பி.எம். பெருமையாக விற்றுக்கொண்டிருந்த டேட்டாபேஸ் ஐ.எம்.எஸ். நிலாவுக்கு மனிதனை அனுப்பிய அப்போலோ திட்டத்தின் லட்சக்கணக்கான உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கப் பிறந்தது அது. சாதாரணச் சரக்கு இல்லை.

அதன் வடிவம் மரம் போன்றது. மேலே ஒரு வேர், அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து இலை.

நம்ம ஆனைக்குட்டம் ஆலைக்கு வருவோம். மரத்தின் மேலே ஏஜென்ட். அவருக்குக் கீழே அவர் ஆர்டர்கள். ஒவ்வொரு ஆர்டருக்குக் கீழே அதில் இருக்கும் ரகங்கள், விலையோடு. மதுரை ஏஜென்ட் என்ன என்ன கேட்டார் என்று கேட்டால், மேலிருந்து கீழே இறங்கினால் பதில் உடனே வந்துவிடும்.

ஆனால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். புஸ்வாணம் வாங்கியவர்கள் யார் யார்? இப்போது ஒவ்வொரு ஏஜென்ட்டாக ஏறி இறங்க வேண்டும். சிக்கல் இதோடு முடியவில்லை.

* புஸ்வாணத்தின் விலை மாறினால், அது எழுதியிருக்கும் நாற்பது இடத்திலும் மாற்ற வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ஒரே பொருளுக்கு இரண்டு விலை.
* புது ரகம் ஒன்று போட்டிருக்கிறீர்கள், இன்னும் யாரும் ஆர்டர் செய்யவில்லை. அதை எழுதிவைக்க இடமே இல்லை, ஏன்னா ரகம் ஆர்டருக்குக் கீழேதான் வாழ முடியும்.
* ஒரு ரகத்துக்கு வந்த ஒரே ஆர்டர் கேன்சல். அதை அழித்தால் ரகத்தின் விலையும் சேர்ந்து போய்விடும்.

இன்னொரு பெரிய தலைவலி. டேட்டா டிஸ்கில் எந்த வரிசையில், எந்த வழியில் அடுக்கப்பட்டிருக்கிறது என்பது புரோகிராம் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுக்கை மாற்றினால் பழைய புரோகிராம்கள் எல்லாம் படுத்துவிடும். குடோனில் ரேக்கை நகர்த்தினால் பில் போடுபவருக்கு எழுதவே வராமல் போகிற மாதிரி.

11 பக்கம்

1969-ல் எட்கர் கம்பெனிக்குள் ஓர் அறிக்கையாகத் தன் யோசனையை வைத்தார். 1970 ஜூனில் அது செம்மையாகி, கம்ப்யூட்டர் அறிவியலின் முக்கியமான இதழ் ஒன்றில் வெளியானது.

யோசனை இதுதான். மரமும் வேண்டாம், வழியும் வேண்டாம். எல்லாமே அட்டவணை, அதாவது டேபிள்.

ரகங்களுக்கு ஒரு டேபிள்: ரக எண், பெயர், விலை, பேரியம் உண்டா இல்லையா. ஏஜென்ட்டுகளுக்கு ஒரு டேபிள்: ஏஜென்ட் எண், பெயர், ஊர். விற்பனைக்கு ஒரு டேபிள்: எந்த ஏஜென்ட் எண், எந்த ரக எண், எத்தனை பெட்டி, என்ன தேதி. ஒரு டேபிளை இன்னொன்றோடு இணைப்பது அந்த எண்கள் மட்டும்தான். கயிறு கட்டி வைக்கத் தேவையில்லை. எப்போது என்ன கேள்வி வருகிறதோ, அப்போது சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது விலை ஒரே இடத்தில் இருக்கிறது. மாற்றினால் ஒருமுறை மாற்றினால் போதும். ஆர்டர் வராத ரகத்துக்கும் இடம் உண்டு. பேரியம் போட்ட சரக்கு யாரிடம் போனது என்ற கேள்விக்கு மூன்று டேபிளையும் சேர்த்துப் பார்த்தால் பதில். அந்தக் கேள்வியை முன்கூட்டியே யாரும் யோசித்திருக்கத் தேவையில்லை.

இதில் இரண்டு பெரிய விஷயம் இருக்கிறது. ஒன்று, ஓர் உண்மைக்கு ஓர் இடம்தான். இரண்டாவது, என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், எப்படித் தேடுவது என்பது இயந்திரத்தின் கவலை. இவற்றுக்கு அடியில் அவர் வைத்தது கணிதத்தின் கணக் கோட்பாட்டையும் தர்க்கத்தையும். அதனால் இது வெறும் டிப்ஸ் இல்லை, நிரூபிக்கக்கூடிய விஷயம்.

அடுத்த சில வருஷங்களில், டேபிளைச் சரியாகப் பிரித்திருக்கிறோமா என்று சோதிக்கும் விதிகளையும் எழுதினார். கல்லூரியில் டி.பி.எம்.எஸ். பேப்பரில் நார்மலைசேஷன் என்று மனப்பாடம் செய்தீர்களே, அதுதான். மேலே சொன்ன மூன்று புஸ்வாணப் பிரச்சினையும் வராமல் தடுப்பதுதான் அதன் முழு வேலை. அன்றைக்கு யாராவது இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் அரியர் விழுந்திருக்காது என்று சிலருக்குத் தோன்றலாம்.

சொந்த வீட்டில் எதிர்ப்பு

ஐ.பி.எம். கைதட்டியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஐ.எம்.எஸ். நல்ல காசு பார்த்துக்கொண்டிருந்தது. அதை வாங்கிய கஸ்டமர்களிடம் போய், இதைவிட எளிமையான வழி எங்களிடமே இருக்கிறது என்று எந்த கம்பெனி சொல்லும்?

எட்கர் விடவில்லை. கம்பெனியின் கஸ்டமர்களிடமே நேரடியாகப் பேசி, இந்த முறையால் என்ன பலன் என்று காட்டினார். அவர்கள் கம்பெனியைக் கேட்க ஆரம்பித்தார்கள். மேலிடத்துக்கு இது எவ்வளவு பிடித்திருக்கும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

எதிர்ப்பு கம்பெனிக்கு வெளியிலும் இருந்தது. சார்லஸ் பாக்மன் என்ற இன்னொரு ஜாம்பவான், பதிவுகளை வலை போலக் கோர்த்து வைக்கும் முறையை உருவாக்கியவர். அதற்காக 1973-ல் கம்ப்யூட்டர் உலகின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருது வாங்கியவர். அவர் பார்வையில் புரோகிராமர் என்பவர் கடலோடி மாதிரி. டேட்டா என்ற கடலில் வழி கண்டுபிடித்துப் போவதுதான் அவர் திறமை. எட்கரின் கட்சி நேர் எதிர். போக வேண்டிய ஊரைச் சொன்னால் போதும், வழி கண்டுபிடிப்பதை மனிதன் தலையில் ஏன் கட்ட வேண்டும்? இப்படிக் கேட்டவர் ஒரு முன்னாள் விமானி என்பதுதான் வேடிக்கை.

1974-ல், எட்கர் படித்த அதே மிச்சிகன் ஆன் ஆர்பரில், இரண்டு தரப்பும் நேருக்கு நேர் விவாதித்தன. டேட்டாபேஸ் வரலாற்றில் இன்றைக்கும் பேசப்படும் விவாதம் அது. எதிர்த்தரப்பு சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்றைய மெதுவான இயந்திரங்களில் இத்தனை டேபிளைச் சேர்த்துச் சேர்த்துப் பதில் எடுத்தால் எப்போது முடியும்? கணிதம் அழகாக இருக்கலாம், கவுன்டரில் கஸ்டமர் நிற்கிறாரே?

இதற்கு வாயால் பதில் சொல்ல முடியாது. செய்துதான் காட்ட வேண்டும்.

விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறு

செய்து காட்டியது இரண்டு குழு. ஒன்று, ஐ.பி.எம். சான் ஹோசேயின் சிஸ்டம் ஆர். இன்னொன்று, பக்கத்து பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இங்க்ரெஸ். வேகமாகவும் ஓட வைக்க முடியும் என்று இரண்டும் நிரூபித்தன. சிஸ்டம் ஆர் குழுவில் டான் சேம்பர்லினும் ரே பாய்ஸும் 1974-ல் ஒரு கேள்வி மொழியை உருவாக்கினார்கள். அதுதான் இன்றைக்கு ரெஸ்யூமேவில் எல்லோரும் போட்டுக்கொள்ளும் எஸ்.க்யூ.எல்.

ஐ.பி.எம். தன் ஆராய்ச்சியைக் கட்டுரைகளாக வெளியே விட்டது. அவற்றைப் படித்த லாரி எல்லிசன் என்ற இளைஞர், நண்பர்களோடு 1977-ல் ஒரு சின்ன கம்பெனி தொடங்கி 1979-ல் ஒரு டேட்டாபேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெயர் ஆரக்கிள். ஐ.பி.எம். தன்னுடைய முதல் எஸ்.க்யூ.எல். சரக்கைக் கடைக்குக் கொண்டுவந்தது 1981-ல்தான். அதன் பெயர்பெற்ற டி.பி.2 வந்தது 1983-ல். சொந்த வீட்டுப் பிள்ளையின் யோசனையை அடுத்த வீட்டுக்காரர் முதலில் கடை போட்டு விற்றுவிட்டார்.

எட்கருக்கு மரியாதை கிடைக்காமல் இல்லை. 1976-ல் கம்பெனியின் உயர்ந்த பதவியான ஐ.பி.எம். ஃபெலோ. 1981-ல் டூரிங் விருது. ஆனால் எஸ்.க்யூ.எல். அவருக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஒரே வரி ஒரு டேபிளில் இரண்டு முறை வரலாம் என்று அது விட்டுவிட்டதே, ஓர் உண்மைக்கு ஓர் இடம் என்பது என்ன ஆனது என்று கடைசி வரை குறை சொல்லிக்கொண்டே இருந்தார். 1984-ல் ஐ.பி.எம். வேலையிலிருந்து வெளியே வந்தார்.

12 விதி, ஒரு சறுக்கல்

அப்போது மார்க்கெட்டில் ஒரு கூத்து. பழைய டேட்டாபேஸ் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டி, எங்களுடையதும் ரிலேஷனல்தான் என்று ஆளாளுக்கு விற்க ஆரம்பித்தார்கள். 1985-ல் எட்கர் ஒரு கம்ப்யூட்டர் வாரப் பத்திரிகையில் 12 விதிகளை எழுதினார். இவற்றில் தேறினால்தான் அந்தப் பெயரைச் சொல்லலாம் என்றார். பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பித்ததால் மொத்தம் 13 விதி. எந்த கம்பெனிச் சரக்கும் முழு மார்க் வாங்கவில்லை.

அதே கறாரான மனிதர் வாழ்க்கையில் ஒரு சறுக்கலும் உண்டு. 1993-ல், பெரிய டேட்டாவைப் பல கோணத்தில் அலசும் ஓலாப் முறை பற்றி, மறுபடியும் 12 விதிகளோடு ஓர் அறிக்கை எழுதினார். அதற்குப் பின்னால் இருந்தது அந்த மாதிரி சாஃப்ட்வேர் விற்கும் ஒரு கம்பெனி. விஷயம் வெளியே வந்ததும், அதை வெளியிட்ட பத்திரிகை பின்வாங்கிக்கொண்டது. ஸ்டிக்கர் ஒட்டி விற்பவர்களைப் பிடித்தவர் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியது போல ஆகிவிட்டது. அவரைப் பற்றி எழுதும்போது இதைத் தாண்டிப் போகக் கூடாது.

2003 ஏப்ரல் 18. ஃபுளோரிடாவில் தன் 79-வது வயதில் எட்கர் காலமானார். அடுத்த வருஷத்திலிருந்து டேட்டாபேஸ் ஆராய்ச்சியாளர்கள் வழங்கும் முக்கியமான விருதுக்கு அவர் பெயர்.

போர்மேனுக்கு ஒரு ரகம், சேல்ஸுக்கு ஒரு ரகம்

டேபிள் போட்டாயிற்று. எல்லாம் முடிந்ததா? எட்கருக்கே அப்படித் தோன்றவில்லை. டேபிளில் எண்ணும் எழுத்தும் இருக்கும், ஆனால் அவற்றின் அர்த்தம்? 1976-ல் பீட்டர் சென் என்ற இன்னொரு ஆய்வாளர், டேபிள் போடுவதற்கு முன்னாலேயே பிசினஸில் இருக்கும் பொருட்களையும் அவற்றின் உறவுகளையும் படமாக வரையும் முறையைக் கொடுத்தார். ஒயிட்போர்டில் பெட்டியும் கோடும் போடுகிறீர்களே, அதன் தாத்தா. 1979-ல் எட்கரும் தன் முறையில் அர்த்தத்தை இன்னும் அதிகமாக ஏற்றும் விதத்தை எழுதினார். இந்த வேலைக்குத்தான் கான்செப்சுவல் மாடலிங் என்று பெயர். கோடு எழுதுவதற்கு முன்னால், தொழிலைப் புரிந்துகொண்டு வரையும் வரைபடம்.

இது ஏன் கஷ்டம்? ரகம் என்ற ஒரு வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். சேல்ஸ் ஆளுக்கு ரகம் என்றால் பெட்டி மேல் ஒட்டியிருக்கும் லேபிள். போர்மேனுக்கு ரகம் என்றால் உள்ளே போகும் மருந்துக் கலவை. ஒரே கலவை மூன்று லேபிளில் போகலாம். இதைக் கேட்காமல் ஆப் எழுதினால், பேரியம் உண்டா என்ற கட்டத்தை லேபிள் பக்கத்தில் போட்டுவிடுவோம். ஒரு லேபிளில் டிக் விழும், மற்ற இரண்டில் விட்டுப்போகும். டெவலப்பர் மேல் தப்பில்லை, சாஃப்ட்வேரிலும் பக் இல்லை. கேட்க வேண்டிய ஆளிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்றைய ஆபீஸில் எட்கர் எங்கே?

இப்போது பெரிய ஆப்களை ஒரே கட்டியாக எழுதுவதில்லை. துண்டு துண்டாக, சர்வீஸ் சர்வீஸாகப் பிரிக்கிறார்கள். ஆர்டர் எடுக்க ஒரு சர்வீஸ், ஸ்டாக் பார்க்க ஒன்று, பில் போட ஒன்று, லாரி அனுப்ப ஒன்று. ஒன்றுக்கு ஏதாவது வேண்டுமென்றால் இன்னொன்றிடம் கேட்டு வாங்கும். தீபாவளி சீசனில் ஆர்டர் குவிந்தால் ஆர்டர் சர்வீஸை மட்டும் பெரிதாக்கினால் போதும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் முதல் கேள்வி பழைய கேள்விதான். எந்த உண்மை யார் வீட்டில் இருக்கும்? ஏஜென்ட்டின் போன் நம்பர் கஸ்டமர் சர்வீஸில் மட்டும் இருந்தால், மற்றவை அவருடைய எண்ணை வைத்துக்கொண்டு தேவைப்படும்போது கேட்டுக்கொள்ளும். அவசரத்துக்கு பில்லிங் ஒரு காப்பி, லாரி சர்வீஸ் ஒரு காப்பி என்று எடுத்து வைத்துக்கொண்டால்? வேகத்துக்காகச் சில சமயம் காப்பி எடுக்க வேண்டித்தான் வரும். அப்போதும் எது அசல், எது நகல் என்று ஓர் இடத்தில் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் ஐந்து நோட்டு. இந்த முறை கிளவுடில்.

எல்லா டேட்டாவுக்கும் டேபிள்தான் சரி என்றும் சொல்ல முடியாது. இணையம் பெரிதான பிறகு டேபிள் இல்லாத டேட்டாபேஸ்களும் நிறைய வந்தன, அவற்றுக்கான இடங்கள் இருக்கின்றன. ஆனால் காசு, சரக்கு, ஆள், அனுமதி என்று தப்பு வரக் கூடாத கணக்குகளில் எட்கரின் டேபிள்தான் இன்றும் பெரும்பாலும் நிற்கிறது.

இன்னொரு சங்கதி. 1970-களிலேயே அவர் ராந்தெவூ என்ற ஒரு சோதனையில் இறங்கினார். கம்ப்யூட்டர் தெரியாத ஒருவர் சாதாரண ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால், புரியாத இடத்தில் இயந்திரம் திருப்பிக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு, டேட்டாபேஸிலிருந்து பதில் தர வேண்டும். இன்றைக்கு ஏ.ஐ. சாட்பாட்டிடம் சேல்ஸ் ரிப்போர்ட் கேட்கிறோமே, அந்த ஆசை அப்போதே அவருக்கு இருந்தது. சாட்பாட் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் சரி, கீழே இருக்கும் டேபிளில் பேரியம் கட்டம் தப்பாக இருந்தால் பதிலும் தப்புதான்.

அந்த ஐந்தாவது நோட்டு

கடைசியாக, போர்மேன் கையில் இருக்கும் ஐந்தாவது நோட்டுக்கு வருவோம்.

பட்டாசு ஷெட்டில் ஓர் அறைக்குள் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது, இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. உயிர் சம்பந்தப்பட்ட விதி அது. ஆனால் காலையில் வந்த ஆள் மதியம் வேறு அறைக்கு மாறுவார். ஒருவர் வராததால் இன்னொருவர் அவர் இடத்தில் உட்காருவார். காண்ட்ராக்டர் வைத்திருக்கும் லிஸ்ட் ஒன்று சொல்லும், சம்பள லிஸ்ட் வேறு சொல்லும்.

விபத்து நடந்த அன்று கேட் வாசலில் நிற்கும் வீட்டு ஆட்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே யார் இருந்தார்கள்? அந்த நோட்டு அந்த ஷெட்டிலேயே இருந்திருந்தால், யாரிடம் போய்க் கேட்பது?

எந்த ஆள், எந்த அறை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. நாலே கட்டம் உள்ள ஒரு டேபிள், ஷெட்டுக்கு வெளியே பாதுகாப்பான ஓர் இடத்தில். அறை மாறினால் அந்த நிமிடமே ஒரு வரி. சம்பளம், பி.எஃப்., இன்சூரன்ஸ் எல்லாமே அதே டேபிளைத்தான் கேட்க வேண்டும், தனித்தனி லிஸ்ட் கூடாது. ஓர் அறையில் ஆள் எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால், விபத்துக்கு முன்னாலேயே போர்மேன் போனில் மணி அடிக்கும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. 1970-ன் அந்த 11 பக்கமே போதும்.

உங்கள் ஆபீஸில் அடுத்த முறை புது ஆப்புக்காக ஒயிட்போர்டில் பெட்டியும் கோடும் போடும்போது, மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்த உண்மை எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது? இந்த வார்த்தைக்கு இங்கே எல்லோரும் ஒரே அர்த்தம்தான் வைத்திருக்கிறார்களா? நாம் இன்றைக்கு யோசிக்காத கேள்வி நாளைக்கு வந்தால், பதில் எடுக்க வழி இருக்கிறதா?

மீட்டிங் அரை மணி நேரம் நீளும். மேனேஜர் முறைக்கக்கூடும். பரவாயில்லை, எட்கரையும் அப்படித்தான் முறைத்தார்கள்.